திருவடி கழுவிய கோஷ்டி

எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு புகைப்படம் இருக்கிறது. நான் தரையில் உட்கார்ந்து, வெள்ளிச் செம்பிலிருந்து தண்ணீர் ஊற்றி, தெருப் பெருக்கும் ஒரு பெண்ணின் கால்களைக் கழுவிக்கொண்டிருக்கிறேன். என் முகத்தில் அப்படி ஒரு பெருமிதம். அந்தப் பெண் கேமராவைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. கூடத்தின் கடைசியில் கொல்லைப்பக்கம் போகும் கதவைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். படத்துக்குக் கீழே வரிசையாகக் கைகூப்பும் பொம்மைகள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. மற்றவர்கள் மேல் பாதி, என் மேல் பாதி.

கோஷ்டியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நாங்கள் ஏதோ வேஷம் போடுகிற கூட்டம் என்று நினைத்துக்கொள்வீர்கள். ஸ்ரீரங்கத்தில் உத்திர வீதியில் ஒரு மாமியின் வீட்டுக் கூடத்தில் சனிக்கிழமை சாயங்காலம் கூடுவோம். பன்னிரண்டு பேர், பெரும்பாலும் ரிடையர் ஆனவர்கள். பாசுரம் சேவிப்போம், ஒருவர் அர்த்தம் சொல்வார், பிறகு நாட்டு நடப்பு. எங்கள் ஆசாரியர் ஒருவர் கோபுரத்தின் மேல் ஏறி நின்று, ரகசியமாக வைத்திருக்க வேண்டிய மந்திரத்தை ஊருக்கெல்லாம் சொன்னார் என்பது எங்கள் வீடுகளில் குழந்தைகளுக்குக்கூடத் தெரிந்த கதை. மற்றவர்கள் அதைக் கேட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். நாங்கள், "அப்போ நாம என்ன பண்றோம்?" என்று கேட்டோம்.

கேட்டதோடு நிற்கவும் இல்லை. ஒப்பந்தத் துப்புரவுத் தொழிலாளர்கள் கையுறைக்கும் பூட்ஸுக்கும் நிரந்தர வேலைக்கும் போராடியபோது, திருமண்ணும் மடிசாருமாகப் போய் கலெக்டர் ஆபீஸ் பக்கம் வெயிலில் அவர்களோடு உட்கார்ந்தோம். அதற்காகச் சொந்தக்காரர்கள் சிலர் எங்கள் வீடுகளுக்கு வருவதை நிறுத்தினார்கள். போகட்டும் என்று இருந்தோம். வேலை நிரந்தரமாகவில்லை, ஆனால் கையுறை வந்தது. அதில் எங்களுக்கும் பங்குண்டு, இன்றைக்கும் அதை மறுக்க மாட்டேன்.

தப்பு அதற்கப்புறம்தான் நடந்தது. எங்கள் கோஷ்டிக்குத் தலைவர் மாதிரி இருப்பவர் ஒரு ரிடையர்டு பேராசிரியர். நல்ல மனுஷர், ஆனால் பேச்சை எங்கே நிறுத்துவது என்று தெரியாது. வைகுண்ட ஏகாதசிக் கூட்டமெல்லாம் ஊர் திரும்பிய பிறகு ஒரு சனிக்கிழமை சொன்னார்: "இத்தனை ஜனம் போட்ட குப்பையை வாரினவா அவா. கைங்கர்யம்னா அதுன்னா கைங்கர்யம்! அவாளை இங்கே எழுந்தருளப் பண்ணி, திருவடி விளக்கி, மரியாதை பண்ணணும்." எனக்குக் கண்ணில் ஜலம் வந்துவிட்டது. முதலில் கை தூக்கியவள் நான்தான்.

ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொரு மணி என்று முடிவானது. எங்கள் வீடுகளில் பெருமாள் திருவாராதனம், தளிகை என்று பூஜை, சமையல் எல்லாம் முடித்துவிட்டுச் சாவகாசமாக வர வேண்டுமே, அதற்காக அந்த நேரம். அவர்கள் விடிவதற்கு முன்னாலேயே வீட்டை விட்டுக் கிளம்பியவர்கள் என்பது எங்களில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. ஆறு பெண்கள் வந்தார்கள். நாற்காலிகளில் உட்கார வைத்தோம். காபி கொடுத்தோம், வேண்டாம் என்றார்கள். மோர் கொடுத்தோம், அதுவும் வேண்டாம். "என்ன கூச்சம், என்ன அடக்கம், பாருங்கோ!" என்று உருகினார் பேராசிரியர்.

என் பங்குக்கு வந்தவள் பொன்மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து முதல் பஸ் பிடித்து வருகிறவள். எங்கள் தெருவைப் பெருக்குகிறவள்தான், முகம் தெரியும். என் பெண் வயது இருக்கும். நான் குனிந்து முதல் செம்பு தண்ணீரைக் காலில் ஊற்றினேன். அவள் உடம்பு சிலிர்த்தது. பக்திப் பரவசம் என்று நினைத்தேன். அவள் என் காதோரமாகக் குனிந்து, "மாமி, இங்க பாத்ரூம் எங்கங்க இருக்கு? காலையிலேருந்து போகலீங்க" என்றாள்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இதோ முடிஞ்சுடும்மா, செத்த பொறுத்துக்கோ. போட்டோ எடுக்கறா" என்றேன்.

முப்பது வருஷம் டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவள் நான். டீச்சர்களுக்கென்று இருந்த ஒரே கக்கூஸில் தண்ணீர் வராது, தாழ்ப்பாள் விழாது. மத்தியானத்துக்கு மேல் ஒரு வாய் தண்ணீர் குடிக்க மாட்டேன். சாயங்காலம் காவிரிப் பாலத்தில் பஸ் நகராமல் நிற்கும்போது பல்லைக் கடித்துக்கொண்டு நின்ற நாட்களுக்குக் கணக்கே இல்லை. அந்த அவஸ்தை தெரிந்த வாய்தான் "பொறுத்துக்கோ" என்றது.

கால் கழுவி முடிந்தது. மஞ்சள் குங்குமம், ஆளுக்கொரு புடவை, பேராசிரியரின் அரைமணி நேரப் பேச்சு எல்லாம் முடிந்தது. அவள் மறுபடியும் கேட்டாள், இந்தத் தடவை வீட்டுக்கார மாமியிடமே. மாமி கொல்லைக் கதவை ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "மோட்டார் ரிப்பேர்மா, ஜலமே வரலை" என்றாள். ஆறு பேர் காலைக் கழுவிய தண்ணீர் அப்போதும் கூடத்தில் தேங்கி நின்றது. ஓரத்தில் இன்னும் இரண்டு குடம் தளும்பத் தளும்ப இருந்தது. அந்த ஆறு பெண்களும் குடங்களைப் பார்த்தார்கள். ஒருத்தி உதட்டைச் சுழித்தாள். பிறகு புதுப் புடவையோடு கும்பிட்டுவிட்டு விறுவிறுவென்று கிளம்பினார்கள். அந்த வெயிலில் எங்கே போனார்கள் என்று எனக்குத் தெரியாது. காபி வேண்டாம் என்றது கூச்சத்தினால் இல்லை என்பது மட்டும் அப்போதுதான் உறைத்தது.

அடுத்த சனிக்கிழமை பாசுரம் முடிந்ததும் நான் கேட்டேன். "நம்ம பன்னெண்டு பேர் ஆத்திலயும் கொல்லையில ஒரு பாத்ரூம் இருக்கு. அவா ஆத்துக்குள்ளே நடமாட வேண்டாம், பின்னால சந்து வழியா வந்துட்டுப் போகலாம். காலம்பற கொஞ்ச நேரம் கொல்லைக் கதவைத் திறந்து வெச்சா என்ன?"

யாரும் வாயைத் திறக்கவில்லை. கலெக்டர் ஆபீஸ் பக்கம் கோஷம் போட்ட அதே வாய்கள். கடைசியில் வீட்டுக்கார மாமி, "ஆத்துல பெருமாள் எழுந்தருளியிருக்கார். மடி ஆசாரம்னு ஒண்ணு இருக்கோன்னோ" என்றாள். பேராசிரியர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "நீங்க கேக்கறது நியாயம்தான் மாமி. ஆனா இது தனி மனுஷா தீர்க்கற விஷயமில்லே. அமைப்பு மாறணும். மாநகராட்சிதான் கட்டித் தரணும். மனு கொடுப்போம். வேணும்னா உண்ணாவிரதம்கூட இருப்போம்."

வாய் சர்க்கரை, கை கருணைக்கிழங்கு என்பார்களே, அதை அன்றைக்கு நேரில் பார்த்தேன். எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறிவிட்டது. "அமைப்பு மாறட்டும் ஸ்வாமி. அதுவரைக்கும் அவா அமைப்பு மேலயா மூத்திரம் பெய்வா?" என்று கத்தினேன். அந்தக் கூடத்தில் அந்த வார்த்தையை அதற்கு முன் யாரும் சொன்னதில்லை. இரண்டு மாமிகள் காதைப் பொத்திக்கொண்டார்கள். கழுத்தெலும்பு தெரிய வெயிலில் வேலை செய்கிறவள் அடக்கிக்கொண்டு நின்றது பாவமில்லை, வார்த்தைதான் பாவம்! கடைசியில் மனு எழுதும் பொறுப்பை என் தலையிலேயே கட்டினார்கள், நான் நன்றாக எழுதுவேனாம். எழுதிக் கொடுத்தேன். கொடுத்த கையோடு வந்த ரசீதைத் தவிர இதுவரைக்கும் வேறொன்றும் வரவில்லை.

நான் வீட்டுக்கு வந்து எங்கள் கொல்லைக் கதவின் துருப்பிடித்த தாழ்ப்பாளை எண்ணெய் விட்டுத் திறந்தேன். அதற்கு அந்தப் பக்கம் ஒரு சந்து. எடுப்புக் கக்கூஸ் இருந்த காலத்தில், அள்ளுகிறவர்கள் வாசல் வழியாக வந்துவிடக் கூடாது என்று விட்ட சந்து அது. எங்கள் அசிங்கத்தை வாளியில் எடுத்துக்கொண்டு போக மட்டும் அந்தக் கதவு திறந்தது. அவர்களுடைய தேவைக்காக ஒரு நாளும் திறந்ததில்லை. மறுநாள் தெருவில் அவளைப் பார்த்து, "இனிமே காலம்பற சந்து வழியா வாம்மா. தாழ்ப்பாள் போட மாட்டேன். உன் கூட இருக்கறவாளையும் கூட்டிண்டு வா" என்றேன். சரி என்றாள்.

மூன்று நாள் வரவில்லை. மோட்டார் ரிப்பேரை மறந்திருக்க மாட்டாள். நாலாவது நாள் வந்தாள். அதற்கப்புறம் இன்னும் இரண்டு பேர். தளிகை உள்ளில் நின்றபடி கொல்லையில் தண்ணீர்ச் சத்தம் கேட்கும்போது எனக்கு நிம்மதியாக இருக்கும். ஒரு வாரம் போயிருக்கும், ஒரு நாள் கொல்லைப்பக்கம் போனேன். கக்கூஸ் பளபளவென்று இருந்தது. வருஷக்கணக்காகப் போகாத மஞ்சள் கறை போயிருந்தது. பினாயில் வாசனை. எனக்கு சந்தோஷமாக இருந்தது, வேறெதுவும் தோன்றவில்லை. அதுதான் என்னால் தாங்க முடியாதது.

சந்தோஷப்பட்டதோடு விட்டேனா? சனிக்கிழமை கோஷ்டியில் போய்ப் பெருமை அடித்தேன். "எங்காத்துல வந்து பாருங்கோ. நான் வெச்சிருந்ததைவிட நூறு மடங்கு சுத்தமா வெச்சிருக்கா." நியாயம் பேசி, கத்தி, மனு எழுதி அசையாத கூடம் அந்த ஒரு வாக்கியத்துக்கு அசைந்தது. வீட்டுக்கார மாமியின் முகமே மலர்ந்துவிட்டது. "அப்படியா? அப்போ எங்காத்துக்கும் வரச் சொல்லேன். பாத்ரூம் தேய்க்க ஆள் கிடைக்காம நான்னா திண்டாடறேன்!" இன்னொரு மாமியும் தன் வீட்டுக்குக் கேட்டாள். பேராசிரியருக்கு ஒரே ஆனந்தம். "பாத்தேளா, மனசு மாறிடுத்து" என்றார்.

நானும் அவர்களோடு சிரித்தேன். வீட்டுக்கு நடந்து வரும்போதுதான், தேய்க்க ஆள் என்ற அந்தப் பேச்சு நெஞ்சில் தைத்தது.

மறுநாள் விடிந்ததும் கொல்லையில் போய் நின்றேன். மற்ற இரண்டு பேரும் போய்விட்டிருந்தார்கள். அவள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கையுறை போட்ட கையால் பீங்கானைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நாங்கள் போராடி வாங்கிக் கொடுத்தோம் என்று சொல்லிக்கொள்கிற கையுறை. பக்கத்தில் பினாயில் பாட்டில், அதுவும் அவள் கொண்டுவந்ததுதான்.

"ஏம்மா இதெல்லாம் பண்றே? நான் சொன்னேனா?" என் குரல் என்னை மீறி உயர்ந்தது.

"நீங்க சொல்லலீங்க மாமி."

"அப்புறம் ஏன்?"

அவள் தேய்ப்பதை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். கோபமாகக் கேட்கவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்கிற மாதிரிதான் கேட்டாள்.

"தேய்க்கலேன்னா நாளைக்கும் கதவத் தொறப்பீங்களா மாமி?"

"திறப்பேன்" என்றேன். ஆனால் உடனே சொல்லவில்லை. கறை படிந்த பழைய பீங்கான் என் கண் முன்னால் வந்து போன அந்த ஒரு நொடிக்கு அப்புறம்தான் சொன்னேன். அந்த நொடியை அவள் பார்த்துவிட்டாள். குனிந்து, மிச்சத்தையும் தேய்த்துவிட்டுத்தான் போனாள்.