தேதி சொல்லாமல் பிரிண்ட் கிடையாது

திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் போகும் சாலையில், கண்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கிற இடத்துக்கு நேர் எதிரே இரண்டு ஷட்டர் வைத்த கடை ஒன்று உண்டு. ஒரு ஷட்டரில் மளிகை, அது ஆன்றோவுடையது. அடுத்த ஷட்டரில் நெட் சென்டர், அது அவர் மனைவி பெர்சிஸுடையது. நடுச்சுவரில் ஓர் ஆள் நுழைகிற அளவுக்கு வழி விட்டிருந்தார்கள். பருப்பு நிறுக்கும் சத்தம் இந்தப் பக்கம் கேட்கும். பெர்சிஸ் பிள்ளைகளைத் திட்டுவது அந்தப் பக்கம் கேட்கும்.

ஆளாளுக்குக் கையில் போன் வந்துவிட்ட பிறகும் பிள்ளைகள் அவளிடம் வந்தார்கள் என்றால், அது பிரிண்டுக்காகத்தான். பள்ளிக்கூடத்தில் ப்ராஜெக்ட் என்பார்கள். பிள்ளைகள் வந்து தலைப்பை அடிப்பார்கள், முதலில் எது வருகிறதோ அதைக் காட்டி, "மிஸ், இத்த போட்டுக் குடுங்க" என்பார்கள். பெர்சிஸ் எந்தப் பள்ளிக்கூடத்திலும் மிஸ் இல்லை. பி.காம். முடித்துவிட்டுத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு சரக்குக் கிடங்கு ஆபீசில் கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்தவள். கல்யாணம், இரண்டு பிரசவம் என்று வீட்டோடு ஆகி, பிறகு இந்தக் கடை. ஆனால் தெரு முழுக்க அவள் மிஸ்தான்.

ஒருநாள் ஏழாம் வகுப்புத் தமன்னா கொசஸ்தலை ஆற்றைப் பற்றி நான்கு பக்கம் எடுத்து வைத்திருந்தாள். முதல் பக்கத்தில் படம். கண்ணாடி மாதிரி நீலத் தண்ணீர், பின்னால் பனி மலை.

"ஏய், இது எண்ணூரா?"

"நெட்ல கீது மிஸ்."

"உங்க வூடு எங்க இருக்கு?"

"முகத்துவாரக்குப்பம்."

"வாசலைத் திறந்தா ஆறு. அந்தக் கலீஜுத் தண்ணி இந்தக் கலர்லயா ஓடுது? பனி மலைய எப்போ கொண்டாந்து வெச்சாங்க?"

"நைட்டோட நைட்டா வெச்சிட்டாங்க போல மிஸ்" என்றாள் தமன்னா. மற்றப் பிள்ளைகள் மேசையில் தட்டிச் சிரித்தார்கள். பெர்சிஸுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அன்றைக்கு ராத்திரியே ஒவ்வொரு மானிட்டரின் கீழும் காகிதத் துண்டு ஒட்டினாள். யார் சொல்றது? எப்ப சொன்னது? வேற யார் சொல்றாங்க? இந்த மூன்றையும் பார்த்துவிட்டுத்தான் எதையும் நம்ப வேண்டும். முதலில் வருவது விளம்பரமாக இருக்கலாம், இரண்டு வார்த்தை கூட்டிக் குறைத்து மறுபடி தேடு, ஒரே பக்கத்தோடு நின்றுவிடாதே என்று தொண்டை வற்றச் சொல்லிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சட்டம் போட்டாள். எந்தப் பக்கமானாலும் அதன் தேதியைக் கண்டுபிடித்து வாய்விட்டு, அவள் காதில் விழுகிற மாதிரி சொல்ல வேண்டும். தேதி சொல்லாமல் பிரிண்ட் கிடையாது.

"ஏட்டி, நீ என்ன போலீஸா? பிள்ளைங்க கேட்டத அடிச்சுக் குடுத்து அனுப்பு" என்று ஆன்றோ அந்தப் பக்கத்திலிருந்து குரல் கொடுப்பார்.

"நீங்க பருப்புல கல்லு பாக்குறீங்கல்ல? நான் இதுல பாக்குறேன்" என்பாள்.

பழகிப்போயிற்று. சாயங்காலமானால் நெட் சென்டரிலிருந்து ஏலக்கடை மாதிரி தேதிகளாகக் கேட்கும். "மிஸ், போன வருசம் மார்ச்சு!" "மிஸ், இதுல தேதியே இல்ல!" "அப்ப அது அனாதை, விட்டுட்டு வேற பாரு."

அந்தப் பிள்ளைகளில் மூன்று கேள்வியையும் உண்மையாகவே கேட்டுப் பழகியவன் ஃப்ரெடி. காத்திவாக்கத்துப் பையன். அவன் அப்பா கடலில் போனவர், திரும்பி வரவில்லை. அம்மா டோரதி இறால் கம்பெனியில் தோல் உரிக்கிறாள். கட்டுமரத்தில் மகனை ஏற்றமாட்டேன் என்று அவள் பிடித்த பிடிவாதத்தில்தான் அவன் படித்தான். ஐ.டி.ஐ. முடித்து, கப்பலில் ஏறுவதற்கான சின்னப் பயிற்சியும் முடித்தான். கட்டுமரம் கூடாது, கப்பல் என்றால் பரவாயில்லை. டோரதியின் கணக்கு அப்படி.

வேலை ஒன்று நெட்டில் கிடைத்தது. ஃப்ரெடி நேரே பெர்சிஸிடம் வந்தான்.

"மிஸ், எல்லாம் பாத்துட்டேன். இருந்தாலும் நீங்க ஒருவாட்டி பாத்துடுங்க."

கப்பலுக்கு ஆள் எடுக்கிற கம்பெனிக்கு அரசாங்க லைசென்ஸ் இருக்க வேண்டும், அதற்கு ஒரு நம்பர் உண்டு. அந்த நம்பர் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லிக் கொடுத்தவளே பெர்சிஸ்தான். கப்பல் கனவோடு அலைகிற பையன்கள் இந்தப் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவன். அரசாங்கப் பக்கத்தைத் திறந்தாள். நம்பரை அடித்தாள். இருந்தது. கம்பெனி பெயரும் அதேதான். லைசென்ஸ் காலமும் முடியவில்லை.

"தேதி சொல்லு" என்றாள்.

அவன் சொன்னான். சொல்லிவிட்டுச் சிரித்தான்.

"நல்லா இருக்கு. போய்ட்டு வா" என்றாள்.

நம்பர் உண்மை. கம்பெனியும் உண்மை. ஃப்ரெடியோடு போனில் பேசியவன்தான் அந்தக் கம்பெனி ஆள் இல்லை. வேறு எவனோ அந்தப் பெயரையும் நம்பரையும் எடுத்துப் போட்டு, பார்த்தால் அச்சு அசலாக இருக்கிற ஒரு தளத்தை வைத்திருந்தான். அரசாங்கப் பக்கத்திலேயே கம்பெனியின் டெலிபோன் நம்பர் இருந்தது. ஒரு போன் போட்டு, ஃப்ரெடி என்று ஒருவனை எடுத்திருக்கிறீர்களா என்று கேட்டிருந்தால் முடிந்தது. பெர்சிஸ் கேட்கவில்லை. திரையில் சரி என்று வந்த பிறகு போனை எடுக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

டூரிஸ்ட் விசாவில் அவனைக் கொண்டுபோய், வளைகுடாப் பக்கம் ஒரு பழைய சரக்குக் கப்பலில் ஏற்றினார்கள். பாஸ்போர்ட்டைக் கேப்டன் வாங்கி வைத்துக்கொண்டான். முதலில் சம்பளம் நின்றது. பிறகு கப்பல் முதலாளி காணாமல் போனான். கரைக்கும் வராமல் கடலுக்கும் போகாமல் கப்பல் நங்கூரத்தில் நின்றது. "தண்ணிய அளந்து குடுக்குறாங்க மிஸ், அம்மாகிட்ட சொல்லாதீங்க" என்று ஒருமுறை பேசினான். அப்புறம் போன் இல்லை.

போலீஸில் எழுதிக் கொடுத்தார்கள். கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை திங்கட்கிழமையாக நின்றார்கள். சர்ச் ஃபாதர் தூதரகத்துக்கு மெயில் போட்டார். உண்மையான கம்பெனிக்காரர்கள், எங்களுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று மரியாதையாகப் பதில் போட்டார்கள். டோரதி பெர்சிஸை ஒரு வார்த்தை திட்டவில்லை. "நீ பாத்துச் சொன்னியேன்னுதான் அனுப்புனேன்" என்று ஒரே ஒருமுறை சொன்னாள். அதைக் குறையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னாள். பெர்சிஸுக்கு அதுதான் தாங்கவில்லை.

ஃப்ரெடி சொல்லியிருந்ததால் கப்பல் பெயர் தெரியும். உலகத்துக் கப்பல்கள் எல்லாம் எங்கெங்கே நிற்கின்றன என்று காட்டுகிற தளம் ஒன்று இருக்கிறது. பெர்சிஸ் தேடி எடுத்தாள். நீலக் கடலில் ஒரு சின்னப் புள்ளி.

அன்றிலிருந்து டோரதி வேலை விட்டு வரும்போதெல்லாம் வந்துவிடுவாள். கையில் இறால் வாடை போகாது, மேசையைத் தொடமாட்டாள். பிளாஸ்டிக் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டு உட்காருவாள்.

"இன்னா மிஸ்ஸு, கீதா?"

"இருக்குக்கா."

"அதே எடம்தானா?"

"அதே எடம்."

"செரி. ஓடிக்கினு இருந்தாத்தான் பேஜாரு. நின்னுக்கினு கீதுன்னா, புள்ள தூங்கும்."

புள்ளியைக் கொஞ்ச நேரம் பார்ப்பாள். ஒருநாள், "தா, அவங்க நைனா போனப்போ இந்த மாரி ஒண்ணு இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும்" என்றாள். பிறகு முந்தானையை உதறிக்கொண்டு போவாள். வாரக்கணக்கில் இப்படி. வயிற்றில் சோறு இறங்கிய தெளிவு அந்த முகத்தில் வந்திருந்தது. ராத்திரி தூங்குகிறாள் என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள்.

புள்ளியின் மேல் வைத்து அழுத்தினால் ஒரு பெட்டி திறக்கும். கடைசி சிக்னல் எப்போது வந்தது என்று அதில் இருக்கும். ஒருமுறை அழுத்திப் பார்த்த பிறகு பெர்சிஸ் அதை அழுத்துவதில்லை. டோரதி வரும் நேரத்துக்கு வரைபடத்தைப் பெரிதாக்கி வைத்துவிடுவாள். கப்பலில் டீசல் தீர்ந்தால் மின்சாரம் இல்லை, மின்சாரம் இல்லாவிட்டால் சிக்னல் இல்லை. சிக்னல் நின்ற இடத்திலேயே புள்ளி நிற்கும். கப்பல் அங்கே இருந்தாலும் நிற்கும், இழுத்துப் போயிருந்தாலும் நிற்கும், மூழ்கியிருந்தாலும் நிற்கும்.

சிக்னல் நின்றுபோனதை ஆன்றோவிடம் சொன்னாள்.

"சொல்லிரு" என்றார்.

"சொன்னா அதுக்கப்புறம் என்ன பாப்பா அவ?"

அவர் தராசைத் துடைத்தார்.

செப்டம்பர் மாதம் ஒரு சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. பிள்ளைகளில் செங்கொடி மட்டும் உட்கார்ந்திருந்தாள். அவள் அப்பா, தான் வேலை பார்த்த கம்பெனி மூடப்பட்ட பிறகும் யூனியன் ஆபீசைத் திறந்து பெருக்கிக்கொண்டிருக்கிறவர். பிள்ளைக்குப் பெயர் வைத்ததுபோக அவளை எங்காவது சேர்க்கவும் வேண்டும் என்பதால், பாலிடெக்னிக்கில் இடம் மிச்சம் இருக்கிறதா என்று அவள் தேடிக்கொண்டிருந்தாள். மளிகைப் பக்கம் கூரை ஒழுக, பெர்சிஸ் அரிசி மூட்டைகளை இழுத்துப் போட உள்ளே போயிருந்தாள்.

டோரதி நனைந்துகொண்டே வந்தாள்.

"மிஸ்ஸு எங்க கண்ணு?"

"அந்தாண்ட கீறாங்க ஆன்ட்டி. இன்னா வேணும்?"

"அந்தக் கப்பலக் கொஞ்சம் காட்டேன்."

பெர்சிஸுக்கு அது கேட்டது. மூட்டையின் ஒரு முனை அவள் கையில், மறுமுனை ஆன்றோ கையில். "செங்கொடி, இரு, நான் வரேன்" என்று கத்தினாள். தகரக் கூரை மேல் மழை. மூட்டையைப் போட்டுவிட்டு நடுவழியில் நுழைவதற்குள் அந்தப் பிள்ளையின் குரல் வந்துவிட்டது. ஒன்பதாம் வகுப்பிலிருந்து சொல்லிச் சொல்லிப் பழகிய குரல், மழையையும் தாண்டி மிஸ் காதில் விழ வேண்டும் என்று கொஞ்சம் கூட்டிய குரல்.

"மிஸ், தேதி ஜூன் பதினாலு!"

பெர்சிஸ் வழியிலேயே நின்றுவிட்டாள்.

டோரதி திரையைப் பார்த்தாள், செங்கொடியைப் பார்த்தாள்.

"இன்னாது ஜூனு?"

"அன்னைக்கு வந்த சிக்னல்தான் ஆன்ட்டி கடைசி. அதுக்கு அப்பால..." செங்கொடி பெர்சிஸின் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டாள்.

"அப்போ நான் தெனிக்கும் பாத்துக்கினு போனது?"

"ஜூன்ல இருந்த எடம்க்கா" என்றாள் பெர்சிஸ்.

"இப்போ அங்க கீதா?"

"தெரியாதுக்கா."

"நீ தேதி பாத்தியா?"

"பாத்தேன்."

டோரதி எழுந்தாள். நாற்காலியை எடுத்து, எப்போதும் இருக்கும் சுவரோரத்தில் வைத்தாள். ஈர முந்தானையைப் பிழிந்து தலையில் போட்டுக்கொண்டாள். "மெய்யாலுமே அந்தப் புள்ளியாண்ட ராத்திரில நான் பேசுவேன் மிஸ்ஸு" என்று சொல்லிவிட்டு மழையில் இறங்கினாள்.

"நான் இன்னா மிஸ் தப்பாச் சொன்னேன்?" என்று செங்கொடி அழுதாள்.

"தப்பே இல்ல. சரியாத்தான் சொன்ன" என்றாள் பெர்சிஸ்.

அந்த வாரம் டோரதி வரவில்லை. மானிட்டரின் கீழே இருந்த காகிதங்களில் ஒன்றை மட்டும் பெர்சிஸ் உரித்தாள், பிறகு அதை எங்கே போடுவது என்று தெரியாமல் மறுபடி ஒட்டினாள். பாதி கிழிந்து, கோணலாக நின்றது. பிள்ளைகள் வந்தார்கள், தேதி சொன்னார்கள், பிரிண்ட் வாங்கிப் போனார்கள். புதிதாக ஒரு பையன் ஏதோ கப்பல் கம்பெனி நம்பரைக் காட்டி, "கவர்மென்ட்ல கீது மிஸ், ஓகேவா?" என்றான். அவள் போனை எடுத்துக் கம்பெனிக்கு அடித்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. "தெரியல" என்றாள். அவன் வேறு கடைக்குப் போனான்.

அடுத்த வாரம் டோரதி வந்தாள். உள்ளே வரவில்லை. படியிலேயே நின்றாள், ஒரு கை ஷட்டர் தூணில். "கீதா?" என்று கேட்கவில்லை.

"தேதி சொல்லு மிஸ்ஸு."

பெர்சிஸ் புள்ளியை அழுத்தினாள். பெட்டி திறந்தது. கடையில் பிள்ளைகள் எல்லாம் தட்டுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"ஜூன் பதினாலு" என்றாள்.

எதிரே ஒரு லாரிக்காரன் விடாமல் ஹாரன் அடித்தான். டோரதி காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. பெர்சிஸ் மறுபடியும், இன்னும் கொஞ்சம் உரக்கச் சொன்னாள்.