கொஸ்தாக்கேயின் தட்டு

தொம்னிகாவுக்கு ஊரில் கெட்ட பெயர் எதுவும் கிடையாது, குண்டு என்ற பெயரைத் தவிர. ரொட்டிக் கடையில் கல்லாவுக்குப் பின்னால் அவள் நின்றால் அலமாரியில் பாதி மறைந்துவிடும். "கொஞ்சம் நகருடி, ரொட்டி இருக்கா, இல்ல எல்லாத்தையும் நீயே முடிச்சிட்டியான்னு பாக்கறேன்" என்று தபால் ஆபீஸ் லுக்ரேசியா தினமும் கேட்பாள். தொம்னிகாவும் தினமும் சிரிப்பாள். சிரிக்காவிட்டால் அழ வேண்டியிருக்கும். கடையில் நின்று அழுதால் முதலாளிக்குப் பிடிக்காது.

சிரெத் ஆற்றங்கரையில் இருக்கும் அந்தச் சின்ன ஊரில் உடம்பைப் பற்றிப் பேசாதவர்கள் இல்லை. முன்பொரு வருடம் மேயரின் மனைவி துருக்கிக்குப் போய் உடம்பைக் குறைக்க இரைப்பையை வெட்டிக்கொண்டு பாதியாகத் திரும்பி வந்தபோது, "வாயைக் கட்ட முடியாதவ வயித்தை வெட்டிக்கிட்டா" என்று ஊரே சொல்லிச் சொல்லிச் சிரித்தது. அந்த வசனத்தைக் கட்டியவள் வேறு யாருமில்லை, நம் தொம்னிகாதான். ரொட்டிக் கடையில் வைத்துச் சொன்னாள். சாயங்காலத்துக்குள் ஆற்றுக்கு அக்கரையிலும் அதைச் சொன்னார்கள். அன்றைக்கு அவளுக்கு எவ்வளவு பெருமை!

அப்படிப்பட்டவள் எதற்கு அதே வழியில் போனாள் என்றால், எல்லாம் ஒரு நாற்காலியால் வந்தது. இத்தாலியில் வேலை பார்க்கும் மகள் ஒலிம்பியாவின் கல்யாணம் அங்கேயே நடந்தது. விருந்து முடிந்து பெண்ணைப் பெற்றவளை ஆடக் கூப்பிட்டார்கள். தொம்னிகா எழுந்தாள்; கைப்பிடி வைத்த நாற்காலியும் கூடவே எழுந்தது. மாப்பிள்ளை வீட்டார் சிரித்தார்கள், அதுகூடப் பெரிதில்லை. ஒலிம்பியா சிரிக்கவில்லை. தலையைக் குனிந்து தரையைப் பார்த்தாள். பெற்ற மகள் தன்னைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்ததுதான் தொம்னிகாவின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. முழங்கால் வலியும் சர்க்கரையும் நாலு படி ஏறினால் வாங்கும் மூச்சும் செய்யாததை அந்த ஒரு பார்வை செய்தது. இஸ்தான்புல்லில் ஆஸ்பத்திரி, டாக்டர், விமான டிக்கெட் எல்லாவற்றுக்கும் ஒலிம்பியாவே காதும் காதும் வைத்த மாதிரி ஏற்பாடு செய்தாள்.

ஊர் சிரிக்கும் என்ற பயம் ஒரு பக்கம். அதைவிடப் பெரிய பயம் பக்கத்து வீட்டில் இருந்தது.

பக்கத்து வீட்டுக் கொஸ்தாக்கே பள்ளிக்கூட பஸ் ஓட்டியவர். சாப்பாட்டு ராமன். கல்யாண வீட்டில் அவர் உட்கார்ந்த மேசைக்குத் தனியாக ஒரு அண்டா வைக்கலாம் என்பார்கள். போன இலையுதிர் காலத்தில் அவருக்கு வயிற்றில் புற்று என்று தெரிந்து, யாஷ் நகரத்தில் இரைப்பையை முழுசாக எடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்தவர் ரெண்டு ஸ்பூன் கஞ்சிக்கு மேல் இறங்காமல் தவித்தார். தொம்னிகா வீட்டு அடுப்பில் கோஸ் வேகிற வாசனை வேலி தாண்டிப் போனால் சத்தமில்லாமல் அழுவார். அவர் மனைவி சாவெட்டா இதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்து போனாள். சாவெட்டா தொம்னிகாவைவிடப் பத்து வயது மூத்தவள். ஒலிம்பியாவைத் தொம்னிகாவோடு சேர்ந்து வளர்த்தவள். அவளிடம் போய், "அக்கா, உன் புருஷனுக்குப் போன இரைப்பை எனக்கு நல்லாத்தான் இருக்கு, ஆனா நான் போய் வெட்டிக்கிட்டு வரப்போறேன்" என்று எந்த வாயால் சொல்வது?

சொல்லவில்லை. "மலைமேல இருக்கற மடத்துக்குப் போறேன்க்கா, ஒரு வாரம் தங்கிட்டு வரேன்" என்றாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். பொய்க்கு ஒரு முட்டு வேண்டியிருந்ததால், "கொஸ்தாக்கே அண்ணனுக்காக வேண்டிக்கத்தான்" என்றும் சேர்த்துவிட்டாள்.

சாவெட்டா அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதாள். உள்ளே போய்த் தேன்மெழுகில் செய்த மஞ்சள் மெழுகுவத்திகளை ஒரு கட்டாகக் கொண்டுவந்து கையில் திணித்தாள். "அவரு பேருல ஏத்துடி. உன் வாயால சொன்னா சாமி கேக்கும்."

அந்தக் கட்டு இஸ்தான்புல்லுக்குப் போயிற்று. மயக்கம் தெளிந்து, வயிற்றில் ஐந்து ஓட்டைகளும் பக்கவாட்டில் ஒரு குழாயுமாக, தொம்னிகா சுவரைப் பிடித்துக்கொண்டு தாழ்வாரத்தில் நடந்தாள். நடந்தால்தான் காற்று பிரியும் என்று நர்ஸ் விரட்டினாள். முன்னாலும் பின்னாலும் பல தேசத்துக் குண்டுப் பெண்கள் இதே மாதிரி முதுகு திறந்த அங்கியில் நடந்துகொண்டிருந்தார்கள். ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்கவில்லை. கால் உறை எடுக்கப் பெட்டியைத் திறந்தபோது மெழுகுவத்திகள் தெரிந்தன. இங்கே நெருப்புக் கூடாது என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். ஆனால் ஊருக்குக் கிளம்பும் நாளில், ஆஸ்பத்திரி டிரைவர் போகிற வழியில் ஒரு தேவாலயத்தைக் காட்டி, "நிறுத்தட்டுமா அம்மா?" என்று கையால் கேட்டான். அவளுக்கு வலி. குமட்டல். வேண்டாம், நேராகப் போ என்று கையைக் காட்டினாள். இதற்கு மட்டும் அவளால் பிறகு எந்தச் சமாதானமும் சொல்லிக்கொள்ள முடியவில்லை.

திரும்பி வந்ததும் தவக்காலம் தொடங்கியது, நல்ல வேளையாக. ஊரே கறியையும் பாலையும் விட்டிருக்கும் நேரத்தில் ஒருத்தி சாப்பிடாமல் இருந்தால் யார் கேட்கப் போகிறார்கள்? கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை. கொண்டாடினார்கள். மடத்தில் ஏதோ கடுமையான விரதம் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறாள், தண்ணீரும் வடிகஞ்சியும்தான் என்று லுக்ரேசியா ஊர் முழுக்கத் தபால் போட்டாள். துணிகள் தொளதொளவென்று ஆக ஆக மரியாதை கூடியது. ரொட்டி வாங்க வந்த கிழவிகள் அவள் கையைத் தொட்டுக் கும்பிட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பாதிரியார் பீடத்தில் நின்று, "நம்ம நடுவுல ஒரு சகோதரி இருக்காங்க, அடுத்தவங்க நோய்க்காகத் தன் வயித்தைக் காயப் போட்டிருக்காங்க" என்றார். எல்லாத் தலையும் திரும்பியது. தொம்னிகா கூனிக் குறுகி நின்றாள். அதையும் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது அவளுக்கு.

இன்று சொல்லிவிடலாம், நாளை சொல்லிவிடலாம் என்று வேலி வரைக்கும் போவாள். அங்கே சாவெட்டா, "நீ போய்ட்டு வந்ததுலேர்ந்து ராத்திரி கொஞ்சம் தூங்கறாருடி" என்பாள். தொம்னிகா சொல்ல வந்ததை மென்று விழுங்கிவிட்டுத் திரும்புவாள்.

ஒருநாள் சாவெட்டா தன் வீட்டில் புருஷனுக்கும் தொம்னிகாவுக்கும் கிண்ணத்தில் சூப் ஊற்றி வைத்துவிட்டு ஆட்டைக் கட்டப் போனாள். கொஸ்தாக்கே கட்டிலில் சாய்ந்தபடி தொம்னிகா குடிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அரை ஸ்பூன் எடுப்பாள், காத்திருப்பாள், மூச்சு விடுவாள், நெஞ்சைத் தடவிவிட்டு அடுத்த அரை ஸ்பூன்.

"விரதம் இருக்கறவங்க இப்பிடிச் சாப்பிட மாட்டாங்களே" என்றார்.

தொம்னிகா கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"விரதக்காரங்க கிடைச்சா அள்ளிக் குடிப்பாங்க. இப்பிடிப் பயந்து பயந்து குடிக்கறது நானும் எங்க வார்டுல இருந்தவங்களும்தான்." வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "மெதுவா குடி. அவசரப்பட்டா நெஞ்சுல வந்து நிக்கும். தெரியும்ல?" என்றார்.

அவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது. சாவெட்டா உள்ளே வந்தபோது அவர் பேச்சை வானிலைக்கு மாற்றிவிட்டார். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. ஈஸ்டருக்கு முந்தின வாரம் செத்துப் போனார்.

நாற்பதாம் நாள் படையல் வந்தது. இறந்தவர் பெயரைச் சொல்லி இங்கே ஒருவர் சாப்பிட்டால்தான் அங்கே அவருக்குப் போய்ச் சேரும் என்பது அந்த ஊரில் குழந்தைக்குக்கூடத் தெரிந்த விஷயம். வந்தவர் எல்லாருக்கும் சாப்பாடு உண்டு. ஆனால் ஒருவருக்கு மட்டும் இறந்தவரின் சொந்தப் பங்கு. புதுத் தட்டு, புதுக் கோப்பை, துண்டு, ரொட்டியில் குத்திய மெழுகுவத்தி. அந்தத் தட்டை வாங்குபவர் மிச்சம் வைக்கக் கூடாது.

சாவெட்டா வாசலில் மேசை போட்டு, எல்லார் முன்னாலும் அந்தத் தட்டைத் தொம்னிகாவிடம் நீட்டினாள்.

"எனக்கு வேணாம்க்கா, வேற யாருக்காவது..."

"வேற யாரு? அவருக்காக வாயைக் கட்டினவ நீ. விரதம் இன்னியோட முடிஞ்சுது. சாப்பிடு. எட்டு மாசமா பட்டினி கிடந்த மனுஷன்டி, அங்கயாவது வயிறு நிறையட்டும்."

தட்டில் சார்மாலே குவிந்திருந்தது. கறியும் அரிசியும் வைத்துப் புளித்த கோஸ் இலையில் சுருட்டிய உருண்டைகள், கொஸ்தாக்கேவுக்கு உயிர். அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "அவரைக் கடவுள் மன்னிக்கட்டும்" என்று முறைப்படி சொல்லித் தொம்னிகா தட்டை வாங்கினாள்.

முதல் உருண்டை போயிற்று. இரண்டாவதில் பாதி போயிற்று. நெஞ்சுக்குழியில் ஏதோ முட்டிக்கொண்டு நின்றது. மெதுவா என்று கொஸ்தாக்கே சொன்னது காதில் கேட்டது. ஆனால் சாவெட்டா எதிரில் நின்று ஒவ்வொரு வாயாக எண்ணுவதைப் போலப் பார்த்துக்கொண்டிருந்தாளே, எப்படி மெதுவாகச் சாப்பிடுவது? மூன்றாவதை வாயில் அடைத்துக்கொண்டாள். வாயில் எச்சில் ஊறிப் பொங்கியது, கண் இருட்டியது. எழுந்து நாலடி ஓடி, ஆட்டுக் கொட்டகையின் சுவரில் கையூன்றி, கொஸ்தாக்கேயின் பங்கு முழுவதையும் மண்ணில் கக்கினாள்.

வாசலில் எல்லாரும் எழுந்து நின்றுவிட்டார்கள். பிறகு லுக்ரேசியாதான் சிலுவைக் குறி போட்டுக்கொண்டு, "அவரு ஏத்துக்கல" என்றாள்.

தொம்னிகா திரும்பிப் பார்த்தாள். எல்லாரும் தன்னைப் பார்ப்பார்கள் என்று நினைத்தாள். அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தது சாவெட்டாவை.

சாவெட்டா மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "என் கையால குடுத்தது வேணாங்கறாரு. கடைசி வாரத்துல ஒரு துண்டு கறி கேட்டாரு. டாக்டர் கூடாதுன்னாருன்னு நான் தரல. தட்டைப் புடுங்கி வெச்சேன். அந்தக் கோவம் இன்னும் போகல..." பேச முடியாமல் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "நான் எப்பிடிப் போய் அவர் மூஞ்சில முழிப்பேன்!"

தொம்னிகாவுக்குத் தப்பிக்க வழி இருந்தது. வாயைத் திறக்காமல் நின்றால் போதும், அவளுடைய பெயர் அப்படியே இருக்கும். சாவெட்டா மட்டும் சாகும்வரை இந்தப் பாரத்தைச் சுமப்பாள். சரி, இருக்கட்டும் என்று ஒரு நொடி தோன்றத்தான் செய்தது. அப்படித் தோன்றியதை நினைத்துப் பிற்பாடு அவள் பட்ட அவமானம் வேறெதற்கும் பட்டதில்லை.

"அக்கா, அவரு இல்ல. நான்தான்" என்றாள். யாருக்கும் புரியவில்லை. வாயைத் துடைத்துக்கொண்டு சட்டையைத் தூக்கிக் காட்டினாள். தொங்கிப்போன தோலில் ஐந்து தழும்புகள். "நான் மடத்துக்குப் போகல. இஸ்தான்புல்லு போனேன். இரைப்பையை வெட்டிக்கிட்டு வந்தேன். விரதமும் இல்ல, ஒண்ணும் இல்ல. எனக்கு இறங்காது, அவ்ளோதான்."

யாரோ கனைத்தார்கள். பின்னால் ஒரு குரல், அவளே கட்டிய அந்தப் பழைய வசனத்தை முணுமுணுத்தது. இரண்டு பேர் சிரிப்பை அடக்கினார்கள்.

சாவெட்டா சிரிக்கவில்லை. எழுந்து கிட்டே வந்து தழும்புகளைப் பார்த்தாள்.

"நல்லா இருந்த வயித்தையா?"

"ஆமாக்கா."

"காசு குடுத்தா?"

தொம்னிகா தலையைக் குனிந்துகொண்டாள்.

"அவரு ஒரு வாய் சோத்துக்கு அழுதாரு. அதைப் பாத்துட்டே இருந்துட்டுப் போய் வெட்டிக்கிட்டு வந்தியா? அவருக்காக வேண்டிக்கறேன்னு சொல்லிட்டா?" குரல் உயரவில்லை. "அந்த மெழுகுவத்தி?"

"ஏத்தல. பெட்டியிலேயே இருக்கு."

சாவெட்டா அவளுடைய சட்டையைத் தானே கீழே இழுத்துவிட்டு, "வீட்டுக்குப் போ" என்றாள்.

அந்த வாரம் ரொட்டிக் கடையில் கூட்டம் அலைமோதியது. தேவையில்லாதவர்களும் ரொட்டி வாங்கினார்கள். "நகருடி" என்று கேட்க வழியில்லாமல் லுக்ரேசியா, "புனிதவதி அம்மா, ஒரு ரொட்டி" என்றாள். தொம்னிகா இந்த முறை சிரிக்கவில்லை. எடுத்துக் கொடுத்தாள். அதெல்லாம் வலிக்கவே இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் வேலிக்கு அந்தப் பக்கம் கதவு சாத்தியே கிடந்ததுதான் சோறு தண்ணி இறங்காமல் செய்தது, இரைப்பை அல்ல.

சனிக்கிழமை, இறந்தவர்களின் நாள், சாவெட்டா வந்தாள். கூப்பிடவில்லை, தட்டவில்லை, நேராக உள்ளே வந்து ஒரு காப்பித் தட்டை மேசைமேல் வைத்தாள். அதில் ஒரே ஒரு சார்மாலே, விரல் அளவுக்குச் சின்னதாகச் சுருட்டியது.

"மெழுகுவத்தியை எடுத்துட்டு வா."

தொம்னிகா பெட்டியிலிருந்து கொண்டுவந்தாள். பயணத்தில் வளைந்து போயிருந்தன. சாவெட்டா ஒன்றை நிமிர்த்திப் பார்த்து, முடியாமல், வளைந்ததையே ரொட்டித் துண்டில் குத்தி ஏற்றினாள்.

"நான் உன்னை மன்னிச்சிட்டேன்னு நினைக்காத."

"இல்லக்கா."

"உக்காரு. அவரு பங்கு அந்தரத்துல நிக்குது. தின்னு."

தொம்னிகா ஒரு நுனியைக் கிள்ளி வாயில் போட்டாள். கண்ணீரோடு அவசரமாக விழுங்கப் போனாள்.

"மெதுவா" என்று அதட்டினாள் சாவெட்டா. "அரை வாய் எடு. மெல்லு. மூச்சு விடு. எட்டு மாசம் ஊட்டினவளுக்குத் தெரியாதா?"

தட்டு காலியாகும்வரை கையைக் கட்டிக்கொண்டு நின்றே இருந்தாள்.