தம்பியின் நெஞ்சுக் கட்டியும் நான் சொன்ன பொய்யும்

என் தம்பி குடோன் கூரை சுத்தம் செய்கிறவன். பழைய தானியக் குடோன்களின் உச்சியில் வவ்வால்கள் அடைந்து கிடக்கும். ஏணியில் ஏறி, உத்தரத்தில் குவிந்த எச்சத்தைச் சுரண்டித் தள்ளுவான். தண்ணீர் தெளித்தால் தூசி அடங்கும், ஆனால் கீழே மூட்டை நனைந்தால் முதலாளி குதிப்பார். அதனால் இருபத்தாறு வருடமாக வறட்டுத் துடைப்பம்தான். முகத்தில் துண்டு கட்டிக்கொள்வான். பத்து நிமிடத்தில் மூச்சு முட்டும், அவிழ்த்துவிடுவான். தெருவில் அவனுக்கு 'ஏணி' என்றுதான் பெயர். கூப்பிட்டால் சிரித்துக்கொண்டே திரும்புவான்.

அவன் மகளைப் பெண் பார்க்க வந்தபோது மாப்பிள்ளையின் அப்பா, "பொண்ணோட அப்பா என்ன பண்றார்?" என்று கேட்டார். தம்பி வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "குடோன்ல சூப்பர்வைசர்." பள்ளிக்கூடம் பக்கமே போகாதவள் நான். பொய் மட்டும் தடங்கல் இல்லாமல் வந்தது. கல்யாணமும் நடந்தது. அன்றிலிருந்து யார் கேட்டாலும் வீட்டில் அதே பதில்தான்.

போன வருடம் அவன் வெளிறத் தொடங்கினான். சட்டைப் பொத்தான் போட்டு முடிப்பதற்குள் மூச்சு வாங்கும். இருமல், சாயங்காலமானால் காய்ச்சல், உடம்பு பாதியாகிவிட்டது. ரத்தம் ஏழுதான் இருக்கிறது என்றார்கள். இரும்புச் சத்து மாத்திரை, பேரீச்சம்பழம், ஈரல் என்று அவன் பெண்டாட்டி ஊட்டித் தள்ளினாள். அடுத்த தடவை பார்த்தால் ஆறரை. அப்புறம் ஸ்கேன் எடுத்ததில் நுரையீரலில் எலுமிச்சம்பழம் அளவுக்குக் கட்டி. ஊசியால் சதை எடுத்துப் பார்த்தும் தெளிவாக எதுவும் தெரியவில்லை. "படத்தைப் பாத்தா கேன்சர் மாதிரிதான் இருக்கு. திறந்து எடுத்துடலாம்" என்றார் பெரிய டாக்டர்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் காலை. கட்டிலில் தம்பிக்கு ரத்தம் ஏறிக்கொண்டிருந்தது. ஆப்பிள் பையை மடியில் வைத்துக்கொண்டு சம்பந்தி எதிரில் உட்கார்ந்திருந்தார். மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் பெண் வந்து விவரம் கேட்டாள்.

"ஐயாவுக்கு என்ன வேலை?"

"சூப்பர்வைசருங்க" என்றாள் தம்பி பெண்டாட்டி.

"தூசி, புகையில இருப்பாரா? வீட்ல கோழி, புறா ஏதாவது வளக்குறீங்களா?"

"இல்லைங்க. நாற்காலியில உக்காந்து பாக்கிற வேலைதான்."

டாக்டர் பெண் பேனாவை மூடவில்லை. "எத்தனை பாட்டில் ஏத்தினாலும் ரத்தம் உடம்புல தங்க மாட்டேங்குது. அதான் எனக்குப் புரியல" என்றாள். பிறகு நகர்ந்தாள்.

தம்பி கண்ணை மூடிக்கொண்டான். நான் சொன்ன பொய்யோடு இவனை உள்ளே தள்ளிக்கொண்டு போய் நெஞ்சைப் பிளக்கப்போகிறார்கள்.

"டாக்டர் பொண்ணே, நில்லு."

"அண்ணி, சும்மா இருங்க" என்று தம்பி பெண்டாட்டி என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"விடுடி. இவன் சூப்பர்வைசரும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. இருபத்தாறு வருஷமா குடோன் கூரையில வவ்வால் பீ அள்ளுறான். தண்ணி தெளிக்காம, அப்படியே வறட்டுத் துடைப்பத்தால."

சம்பந்தி எழுந்துவிட்டார். "என்னம்மா சொல்றீங்க?"

"உங்களுக்கு அப்புறம் பதில் சொல்றேன். என்னை எது வேணா கேளுங்க. முதல்ல இவகிட்ட சொல்லி முடிச்சுக்கிறேன்."

டாக்டர் பெண் திரும்பி வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். ஜன்னல் உண்டா, எச்சம் எவ்வளவு கிடக்கும், காய்ச்சல் எப்போது ஆரம்பித்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

"வவ்வால் எச்சத்துல ஒரு பூஞ்சை வளரும்மா. மூச்சுல போனா நெஞ்சுல கட்டி மாதிரியே நிக்கும். படத்துல கேன்சரா இதுவான்னு பிரிச்சுச் சொல்றது கஷ்டம். சில பேருக்கு எலும்புக்குள்ள மஜ்ஜை வரைக்கும் போயிடும். ரத்தம் ஊறுறதே அங்கதான்."

"அப்ப கேன்சர் இல்லையா?"

"அப்படிச் சொல்ல மாட்டேன். அதுவாவும் இருக்கலாம். பாக்கணும்."

பெரிய டாக்டரிடம் பேசி ஆபரேஷனைத் தள்ளிவைத்தார்கள். இடுப்பெலும்பில் ஊசி போட்டு மஜ்ஜை எடுத்தார்கள். முன்பு எடுத்த சதையையும் பூஞ்சை இருக்கிறதா என்று பார்க்கத் திரும்ப அனுப்பினார்கள். சம்பந்தி ஆப்பிள் பையோடே போய்விட்டார். சாயங்காலம் தம்பி மகள் போனில் அழுதாள். "அத்தை, 'பொய்க்காரக் குடும்பம்'னு மாமனார் சொல்றாரு. நான் எப்படி இந்த வீட்ல நடமாடுவேன்?"

தம்பி என்னைப் பார்த்துச் சொன்னது ஒரே வாக்கியம். "சாகப்போறவனோட மானத்தையும் வாங்கிட்டியே." பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

முடிவு வர எட்டு நாள். கேன்சர் என்று வந்தால் ஆபரேஷனைத் தள்ளிப்போட்டதும் நான்தான், மகள் வாழ்க்கையைக் கெடுத்ததும் நான்தான். எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே கிடந்தேன். தம்பி பெண்டாட்டி என்னைத் தாண்டிப் போவாள், 'வா' என்றும் சொல்ல மாட்டாள், 'போ' என்றும் சொல்ல மாட்டாள்.

ஒன்பதாம் நாள் டாக்டர் பெண் காகிதத்தோடு வந்தாள். மஜ்ஜையிலும் பூஞ்சை, சதையிலும் பூஞ்சை. எதிலும் கேன்சர் இல்லை. இரண்டு வாரம் டிரிப் ஏற்றினார்கள், பிறகு ஒரு வருடத்துக்கு மாத்திரை. ரத்தம் ஏழரை, எட்டரை என்று ஏறி நாலாம் மாதம் பத்தைத் தொட்டது. அப்போதும் தம்பி என்னோடு பேசவில்லை.

ஐந்தாம் மாதம் சம்பந்தி வீட்டுக்குப் போய், அந்தப் பொய் என்னுடையது, அவன் மேல் குற்றம் இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். மறுநாளே தம்பி என் வீட்டுக்கு வந்துவிட்டான்.

"யாரைக் கேட்டு அங்க போன? இன்னும் என்ன மிச்சம் வெச்சிருக்க?"

என் வீடு மூன்றாம் மாடி, லிப்ட் கிடையாது. எங்கும் உட்காராமல் ஏறி வந்து, வாசற்படியில் நின்றே கால் மணி நேரம் கத்தினான். ஒரு இருமல் கூட வரவில்லை. நான் அவன் மூச்சையே கேட்டுக்கொண்டு நின்றேன்.