சரிவில் ஓடிய டேப்

மணல் குவியலை அளப்பதில் என்ன தகராறு வரப்போகிறது என்று நினைப்பீர்கள். எனக்கு வந்தது.

பழவேற்காடு முகத்துவாரம், அதாவது ஏரி கடலில் சேரும் வாய், மணல் மூடிக் கிடந்தது. தூர்வாரிய மணலைக் கரையில் கூம்பு கூம்பாகக் கொட்டியிருந்தார்கள். குவியல்களின் கன அளவை வைத்துத்தான் எவ்வளவு தோண்டினார்கள் என்று முடிவு செய்வோம். அளக்க வேண்டிய ஓவர்சீயர் நான்.

காண்ட்ராக்டரின் மேஸ்திரி டேப்பை உச்சியில் வைத்துச் சரிவிலேயே அடிவரை இழுத்தார். “ஹைட் எழுதிக்கோ சார்.”

“யோவ், இது சாய்வு. எனக்கு நெட்டுக்குத்தா வேணும்.”

அடியைச் சுற்றி அளந்து ஆரம் கண்டுபிடித்தேன். சாய்வின் வர்க்கத்தில் ஆரத்தின் வர்க்கத்தைக் கழித்து வர்க்கமூலம் எடுத்தால் உண்மையான உயரம். மணல் அகலமாகப் பரந்து கிடக்கும் பொருள் அல்லவா, உயரம் சாய்வில் பாதிதான் வந்தது. அப்படியென்றால் அவர்கள் தோண்டி முடித்ததாகச் சொன்ன மணலும் பாதிதான். அடப்பாவிகளா!

அருகில் வலை உதறிக்கொண்டிருந்த படகுக்காரர் மாரி கேட்டார்: “இன்னா சார், வாய் ஆழமாயிடுச்சா? அலை தூக்கிப் போட்டா படகு தரை தட்டிக் கவுந்துடுது.”

“இல்லீங்க மாரி. இன்னும் பாதி தோண்டணும். நம்பிப் போவாதீங்க.”

மேலதிகாரி என் கணக்கைப் பார்த்துச் சிரித்தார். “எல்லாரும் சரிவுலதான்யா அளக்கறான். நீ மட்டும் பித்தாகரஸுக்குப் பேரனா? மழை பெஞ்சா குவியலே கரைஞ்சுடும். கையெழுத்தைப் போடு.”

நான் போடவில்லை. என்னை எளாவூர்ப் பக்கம் மாற்றிவிட்டார்கள். என் இடத்துக்கு வந்தவர் சாய்வையே உயரமாக எழுதிக்கொடுத்தார். மேற்கொண்டு ஒரு கூடை மணல்கூட அள்ளாமல், வேலை முடிந்தது என்று கரையில் போர்டு நட்டார்கள்.

மாரியும் அவர் தம்பியும் அந்த வாய் வழியாகக் கடலுக்குப் போனார்கள். திரும்பும்போது படகு தரை தட்டிக் கவிழ்ந்தது. மாரி நீந்தி வந்துவிட்டார். தம்பி பிணமாகத்தான் கரை சேர்ந்தான்.

சாவு வீட்டில் மாரி என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. “போர்டு வெச்சாங்களே சார். நீ சொன்ன மீதி பாதியும் தோண்டிட்டாங்கன்னு நெனச்சுதான் போனோம்.”

புதிதாக டேப் பிடிக்கிறவர்களே, கூம்பின் உயரத்தை உச்சியிலிருந்து நேர்கீழே பாருங்கள். சரியாக அளந்துவிட்டோம் என்று நிம்மதியாகத் தூங்கிவிடாதீர்கள். நான் அளந்தது சரிதான். அது மாரியின் தம்பியைக் காப்பாற்றவில்லை.