படம் வராத டிவியும் பத்தாங்கிளாஸ் நானும்

டிவி கேம் ஆடுகிற தொழிலில் விரல் தேய்வதற்கு முன்னால் பேர் தேய்ந்துவிடும். இதற்காக வீட்டில் இன்று ஏச்சு வாங்குகிற பிள்ளைகளே, உங்கள் சங்கத்தில் நான் மூத்த உறுப்பினர். எழுபதுகளின் கடைசி. கேரளத்து வண்டிப்பெரியாருக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட். அப்பா அங்கே ஃபாக்டரி எலக்ட்ரீஷியன். கப்பலில் வேலை பார்த்த மாமா ஒரு பழைய டிவியும், அதில் மாட்டி ஆடுகிற பெட்டி ஒன்றும் கொண்டுவந்து கொடுத்தார். எந்த டிவி நிலையமும் எங்கள் மலைக்கு எட்டாத காலம் அது. அதனால் எங்கள் டிவியில் தெரிந்ததெல்லாம் இரண்டு கோடுகளும், நடுவே துள்ளுகிற ஒரு வெள்ளைப் புள்ளியும்தான். குமிழைத் திருகினால் கோடு ஏறி இறங்கும். புள்ளியைத் தவறவிடாமல் திருப்பி அடிக்க வேண்டும். எனக்கு அது போதுமாக இருந்தது.

சாத்திய ஜன்னல்

பகல் வெளிச்சத்தில் புள்ளி சரியாகத் தெரியாது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஜன்னலில் அம்மாவின் பழைய சேலையைக் கட்டிவிட்டு உட்காருவேன். ஒருநாள் உப்பு கேட்டு வந்த பக்கத்துக் குவார்ட்டர்ஸ் ராஜம்மாள் அத்தை உள்ளே எட்டிப் பார்த்தார். இருட்டு அறை, நீல வெளிச்சம், டொக் டொக்கென்று சத்தம். நடுவில் நான், "வா, வா, இன்னும் கிட்ட வா" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். புள்ளியிடம்தான் சொன்னேன்.

உப்பு வாங்காமலே போய்விட்டார். மறுநாள் குழாயடியில் நாலு பேர் முன்னால் அம்மாவிடம் கேட்டாராம்: "மதினி, வயசுப் பொண்ணு பட்டப்பகல்ல சன்னலச் சாத்திக்கிட்டு யாரையோ வா வாங்குது. படம் வராத டிவியில அப்ப வாறது யாருன்னு கேட்டீகளா?"

காலியான பெஞ்சு

தேவகி ஒண்ணாங்கிளாஸிலிருந்து என் பக்கத்தில் உட்காருகிறவள். அவள் அம்மா கொழுந்து எடுக்கிறவர், வீடு தொழிலாளர் லயத்தில். சனிக்கிழமைதோறும் ஆற்றுக்குப் போகலாமென்று என்னைக் கூப்பிட வருவாள். "இந்த ஒரு ஆட்டம் முடியட்டும்டி" என்பேன். முடியாது. அவள் வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போய்விடுவாள்.

ஒரே ஒரு தடவை அவளையும் ஆடவிட்டேன். மறுநாள் அவளுக்குக் காய்ச்சல். மழையில் நனைந்த காய்ச்சல் என்றார் டிஸ்பென்சரி கம்பவுண்டர். லயத்தில் வேறு மாதிரி பேசிக்கொண்டார்கள். குணமாகி வந்தவள் கடைசி பெஞ்சுக்குப் போனாள். மற்ற பிள்ளைகளும் என்னோடு சாப்பிட உட்காரவில்லை. ஏன் என்று தேவகியை மடக்கிக் கேட்டேன். என் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்: "எங்கம்மா ஏசுது. ஒன் கண்ணுல அந்த வெளிச்சம் ஒட்டியிருக்காம். பாக்கிறவுகளுக்கும் ஒட்டிக்கிடுமாம்."

மொட்டைக் கடிதாசி

அப்புறம் போலீஸ் வந்தது. வயதான மலையாளி ஏட்டு ஒருவர், கையில் பேர் போடாத புகார். அப்பா ஃபாக்டரியில் இருந்தார். "மோளே, எனக்குத் தமிழ் பேசத் தெரியும், வாயிக்கத் தெரியாது. நீயே வாயி" என்று ஏட்டு காகிதத்தை என்னிடம் நீட்டினார். என்மேல் எழுதின புகாரை நானே உரக்கப் படித்தேன். எலக்ட்ரீஷியன் வீட்டில் கள்ள வயர்லெஸ் இருக்கிறது, அந்தப் பெண் ஜன்னலைச் சாத்திக்கொண்டு யாருக்கோ சேதி அனுப்புகிறாள் என்று இருந்தது. பாதியில் படிப்பதை விட்டுவிட்டுக் கையெழுத்தைப் பார்த்தேன். 'ழ'வின் வாலைச் சுழித்து அடுத்த வரிவரை இழுக்கிற கை எங்கள் வகுப்பில் ஒன்றுதான்.

ஏட்டு பெட்டியைப் புரட்டிப் பார்த்தார், ஆடியும் பார்த்தார். மூன்று ஆட்டம் என்னிடம் தோற்ற பிறகு தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார். "வயர்லெஸ் ஒண்ணும் இல்லை. பக்ஷே, நாள் முழுக்க இதையே நோக்கியிருக்கிற குட்டியைச் சம்சயிக்காம, பின்னே யாரைச் சம்சயிக்கும்?"

பாலத்தில்

அதற்குப் பிறகு ஒரு வாரம் யார் சிரித்தாலும் என்னைப் பார்த்துத்தான் என்று நினைத்தேன். குழாயடிக்கே போகவில்லை. தேவகியின் பேரை அப்பாவிடம் சொல்லவும் மனது வரவில்லை. கடைசியில் பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில், ஆற்றுப் பாலத்தில் அவளை மறித்தேன். "நீதானடி எழுதின?" இல்லையென்று சொல்லுவாள், அழுவாள், அம்மாமேல் பழி போடுவாள் என்று எல்லாவற்றுக்கும் பதில் தயார் செய்து வைத்திருந்தேன். அவள் என்னை நேராகப் பார்த்தாள்.

"ஆமா, நான்தான். யாரும் சொல்லித் தரல. போலீஸ் வந்து அந்தப் பொட்டியத் தூக்கிட்டுப் போயிருச்சுன்னா, சனிக்கிழமை நீ மறுபடி எங்கூட ஆத்துக்கு வருவேன்னு நெனச்சேன்."

ஊரே சேர்ந்து என்னை ஒதுக்கிவிட்டதென்று அழுத அந்த வருஷத்தில், முதலில் தேவகியை ஒதுக்கியது யார் என்று ஒரு மொட்டைக் கடிதாசி வந்து துப்பு துலக்கித் தர வேண்டியிருந்தது.