துரைக்கு ஒரு வீடு

மாரியப்பன் அண்ணன் வேலையை விட்டது ஒரு சேவலுக்காக. நாமக்கல்லில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். இங்கே கோழியால் பிழைக்கிறவர்கள்தான் அதிகம்.

பதினெட்டு வருடம் முட்டைக்கோழிப் பண்ணையில் ஷெட் பார்த்தவர். அங்கே பெட்டைக் குஞ்சு மட்டும்தான் வரும். ஒருமுறை சேவல், பெட்டை பார்த்துப் பிரிக்கிறவர் கை தப்பி ஒரு சேவல் குஞ்சும் வந்துவிட்டது. அத்தனை பெட்டைகளுக்கு நடுவே தின்று, கோடைக்கு ஷெட்டுக்குள் தெளிக்கும் தண்ணீரில் தினமும் நனைந்து, மகராசனாக வளர்ந்தது. கழித்துவிடச் சொன்னார்கள். அண்ணன் துண்டில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார். பண்ணை ஆட்கள் வீட்டில் கோழி வளர்க்கக் கூடாது, நோய் தொற்றும். “கோழியா, வேலையா?” என்றார் மேனேஜர். அண்ணன் லாரி பாடி கட்டும் பட்டறைக்குப் பெயிண்ட் அடிக்கப் போய்விட்டார்.

துரை என்று பேர் வைத்தது அவர் மனைவி சௌந்திரம் அக்கா. “வேலைவெட்டி இல்லாம வெள்ளையுஞ் சொள்ளையுமா திரியறவன வேறென்னன்னு கூப்புடறது?” ஞாயிறு தவறாமல் அண்ணன் துரைக்கு டியூப் பிடித்துக் குளிப்பாட்டுவார். அது கண்ணை மூடிச் சொக்கிப்போய் நிற்கும்.

விடியாத நாலு மணிக்கு அது கூவியதில் வீட்டுக்காரர் மாசக் கடைசிக்குள் காலி பண்ணச் சொல்லிவிட்டார். ஆறு வீடு பார்த்தாயிற்று. நாய் என்றால்கூட யோசித்திருப்பார்கள். சேவல் என்றதும், “எத்தன கிலோ வருமுங்க?” என்றுதான் கேட்டார்கள்.

ஏழாவது வீடு முதலைப்பட்டிப் பக்கம். வீட்டுக்காரர் நாச்சிமுத்து. நான் எங்கள் தெருவின் முதல் பட்டதாரி, பி.காம். முதல் வகுப்பு என்பதால் அக்ரிமெண்ட் படிக்க என்னைக் கூட்டிப்போனார்கள். நாலாவது ஷரத்து: வளர்ப்புப் பிராணிகள் கூடாது. அண்ணன் அதைக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார். “மொதல்ல குடி போவலாம். அப்பறம் பேசிக்கலாம்.”

குடிபோன அன்று டெம்போவிலிருந்து இறக்கிய கூடை கூவியது.

நாச்சிமுத்து மூடியைத் தூக்கிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. “கேக்காமயே கொண்டாந்துட்டீங்களே. இந்த ஊட்டுக்குக் குடி வாரவங்க முனியப்பனுக்கு ஒரு சேவ அறுத்துட்டுத்தானுங்க பால் காய்ச்சறது.” காம்பவுண்டு மூலையில் முனியப்பன் மீசையோடு உட்கார்ந்திருந்தார்.

வளர்க்கிற சேவல் என்றால் வீடு போச்சு. சும்மா இருந்தால் துரை போச்சு. பழைய வீட்டுச் சாவியையும் கொடுத்தாயிற்று. அண்ணன் என்னைப் பார்த்தார். பி.காமில் இதற்குப் பாடமில்லை.

அக்காதான் வாயைத் திறந்தது. “தண்ணி தெளிச்சுக் கேளுங்க சாமி. சிலுப்புனாத்தான அறுக்கோணும்?”

“அதில்லாமயா?” என்றார் நாச்சிமுத்து. தெளித்த தண்ணீரைச் சேவல் சிலுப்பிவிட்டால் சாமி ஏற்றுக்கொண்டது என்று அர்த்தம். “இங்க எந்தச் சேவலும் சிலுப்பாம நின்னதில்லீங்க.”

மஞ்சள் தண்ணீரைத் தெளித்தார். துரை கண்ணை மூடிக்கொண்டது.

ஒரு சொம்பை அப்படியே தலையில் ஊற்றினார். துரை கழுத்தை நீட்டியது.

மூன்றாவது சொம்புக்கு இறக்கையைத் தூக்கிக் கொடுத்தது, அக்குளையும் பாருங்கள் என்பதுபோல.

நாச்சிமுத்துவுக்கு வேர்த்துவிட்டது. “சாமி வேண்டாங்குதுங்க,” என்று முனியப்பன் முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். அவர் கும்பிட்டுக் கிடக்கும்போது துரை ஒரு சிலுப்புச் சிலுப்பியது பாருங்கள், என் சட்டையெல்லாம் மஞ்சள். அக்கா சட்டென்று கூடையைக் கவிழ்த்து அதை மூடியது.

எழுந்தவர் சொன்னார்: “முனியப்பன் உட்ட சேவல ஆரும் தொடப்படாது. இங்கயே திரியட்டும்.”

இப்போதும் துரை நாலு மணிக்குத்தான் கூவுகிறது. நாச்சிமுத்து எழுந்து கன்னத்தில் போட்டுக்கொண்டு, மறுபடி படுத்துக்கொள்கிறார். போன வாரம் அக்ரிமெண்ட் புதுப்பிக்கப் போயிருந்தேன். நாலாவது ஷரத்து அப்படியே இருந்தது.

“நமக்குப் பதினோரு மாசந்தான்,” என்றது அக்கா, துரைக்குக் கம்பு இறைத்துக்கொண்டே. “இந்தப் பயலுக்கு ஆயுசுக்கும்.”