ஸ்டிக் அசையாத காலை

எழுபதுகளில் மூன்று வருஷம் ஒரு விமானத்தைக் கழுவித் துடைத்துப் பராமரிக்கும் வேலை பார்த்தேன். சொன்னால் இன்றைக்கும் யாரும் நம்புவதில்லை. மலைக் கணவாயை ஒட்டிய எங்கள் சித்தூருக்குக் கிழக்கே, கோபாலபுரம் போகிற வழியில், என் முதலாளிக்குத் தென்னந்தோப்பு இருந்தது. தோப்பை ஒட்டிய மேட்டுக்காட்டைச் சமப்படுத்தி, இரண்டு பேர் உட்காரும் பழைய விமானம் ஒன்றை வாங்கி நிறுத்தியிருந்தார். கம்பம்மெட்டுப் பக்கம் மலையில் அவருக்கு ஏலக்காய்த் தோட்டம். அங்கே இறங்க இடம் கிடையாது. மேலேயே இரண்டு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார். பணக்காரர் ஆசை, நமக்கென்ன. நான் அதுவரை கிணற்று மோட்டார் ரிப்பேர் பார்த்தவன். வருஷத்துக்கு ஒருமுறை கோயமுத்தூரிலிருந்து இன்ஜினீயர் வந்து பிரித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுவார். அன்றாடப் பாடு என்னுடையது.

காலையில் போனதும் டேங்கின் அடியிலிருந்து கொஞ்சம் பெட்ரோலைக் கண்ணாடி டம்ளரில் பிடித்து வெளிச்சத்தில் பார்ப்பேன். தண்ணீர் இருந்தால் அடியில் முத்தாக நிற்கும். பிறகு ஆயில், டயர், இறக்கைத் துணியில் எங்காவது கிழிசல். கடைசியாக, ஸ்டிக் ஆடாமலிருக்க இரவில் கட்டிவைக்கும் பெல்ட்டை அவிழ்த்துவிட்டு, வாலுக்குப் போய்க் கீல்களுக்கு எண்ணெய் விடுவேன். ஸ்டிக் என்பது ஓட்டுகிறவரின் முழங்கால்களுக்கு நடுவே நிற்கும் தண்டு. அதை இழுத்தால் வாலில் இருக்கும் பலகை தூக்கும், விமானம் மேலே ஏறும்.

எனக்கு வந்த வினையே அந்த ஸ்டிக்தான்.

கணவாய்க் காற்றைப் பற்றி எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. விமானம் நிற்கும் கொட்டகையின் மேற்குப் பக்கம் திறந்தே கிடக்கும். ஆடி மாதம் பெல்ட்டை அவிழ்த்த மறு நிமிஷம், ஆளில்லாத இருக்கைக்கு முன்னால் ஸ்டிக் தானாக முன்னும் பின்னும் போகும். மெதுவாக, யோசித்து யோசித்து. கீழே கால்மிதிகளில் ஒன்று அமுங்கும், மற்றொன்று எழும். இருக்கையில் ஒரு பள்ளம் வேறு. முதலாளி ஒல்லி, அந்தப் பள்ளம் அவருடையதல்ல. அவருக்கு முன்னால் விமானத்தை வைத்திருந்தவர் ஏன் விற்றார் என்று நான் கேட்டதில்லை. யாரும் சொன்னதுமில்லை.

"காத்து வால்ல அடிக்குதுங்க, கம்பி இழுக்குது, ஸ்டிக் ஆடுது. அவ்வளவுதான். பேயுமில்ல, பிசாசுமில்ல" என்று இன்ஜினீயர் சிரித்தார்.

மோட்டார் பிரித்துப் பூட்டியவனுக்கு இது விளங்காதா? நன்றாக விளங்கியது. ஆனாலும் வாலுக்குப் பின்னால் எண்ணெய்க் குப்பியோடு குனிந்திருக்கும்போது, முன்னால் யாரோ உட்கார்ந்துகொண்டு வேலை முடிந்ததா என்று என்னைத் திரும்பிப் பார்ப்பதுபோலவே இருக்கும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், தினமும் பயந்தேன்.

ஓர் ஆடி வெள்ளியன்று மாரியம்மன் கோயிலில் பூசாரி கையால் எலுமிச்சம்பழம் ஒன்று வாங்கி, குங்குமம் தடவி, இருக்கைக்குப் பின்னால் இருக்கும் துணிப் பையில் போட்டுவைத்தேன். முதலாளியிடம் சொல்லவில்லை. காலேஜ் படித்த மனுஷர், கேலி செய்தே கொன்றுவிடுவார்.

சனிக்கிழமை அவர் பறந்துவிட்டு வந்து இறங்கும்போது விமானம் தரையில் பலமாகக் குதித்தது. ஞாயிறு காலை நான் பெல்ட்டை அவிழ்த்தேன். ஸ்டிக் அசையவில்லை. வெளியே தென்னைகள் வளைந்து ஆடின, கொட்டகை ஷீட் தடதடத்தது. ஸ்டிக் மட்டும் அறைந்து வைத்ததுபோல நின்றது. பழம் வேலை செய்துவிட்டது! அங்கேயே நின்று அம்மனைக் கும்பிட்டேன். அத்தனை சந்தோஷம்.

கீலுக்கு எண்ணெய் விடுவதற்குள் முதலாளி ஜீப்பில் வந்து இறங்கினார். மழை பிடிப்பதற்குள் தோட்டத்தைப் பார்த்துவிட்டு வர வேண்டுமாம். ஏறி உட்கார்ந்தார். நான் முன்விசிறியைக் கையால் சுழற்றிவிட்டேன், இன்ஜின் பிடித்தது. சக்கரக் கட்டைகளை இழுத்துவிட்டு ஒதுங்கி நின்றேன். தரையில் ஓட்டக் காலே போதும் என்பதால் அவர் ஸ்டிக்கைத் தொட்டிருக்கவில்லை. விமானம் என்னைக் கடந்து ஓடுதளத்தின் கோடிக்குப் போயிற்று. அந்தக் காற்றில் புல்லெல்லாம் படுத்துக் கிடந்தது. வாலில் பலகை மட்டும் ஆடவில்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. காற்றால் அசைக்க முடியாததை அவர் கை மட்டும் எப்படி அசைக்கும்? ஓடுதளம் முடிகிற இடத்தில் தென்னந்தோப்பு. விமானம் எழும்பாவிட்டால் நேரே மரத்தில்தான்.

துண்டை வீசிக்கொண்டு நடுவில் ஓடினேன். "நிறுத்துங்க! ஏனுங்க, நிறுத்துங்க!" விமானம் திரும்பி என்னைப் பார்த்து வந்தது. பத்தடி தூரத்தில் இன்ஜின் அடங்கியது.

"பைத்தியமாப்பா உனக்கு?"

"ஸ்டிக்கை இழுத்துப் பாருங்க."

இழுத்தார். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தார். அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

என் பழம்தான் உருண்டுபோய்ச் சிக்கியிருக்கிறது என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. ஒரு மனுஷனைக் கொல்லப் பார்த்தேனே! ஸ்டிக்கின் அடித்தகட்டைத் திருகிக் கழற்றினேன். உள்ளே, தண்டின் வேரோடு சிக்கியிருந்தது எலுமிச்சம்பழம்தான். ஆனால் கறுத்துச் சுருங்கி, கொட்டைப்பாக்குபோல இறுகிக் கிடந்தது. இரண்டு நாளில் ஒரு பழம் இப்படி ஆகுமா? பின்னால் துணிப் பைக்குள் கையை விட்டேன். என் பழம் மஞ்சளாக, குங்குமம் கலையாமல் அங்கேயே இருந்தது.

இரண்டையும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தேன். அவர் கறுத்த பழத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது நான் வெச்சதப்பா" என்றார். "சித்திரையில வெச்சேன், சீட்டுக்கடியில."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்த மனுஷருமா! இன்ஜினீயர் எனக்குச் சொன்னதை நான் அவருக்குச் சொன்னேன். "காத்துத்தானுங்க மொதலாளி. வால்ல அடிக்கும்போது ஸ்டிக் ஆடுது."

"தெரியுமப்பா" என்றார். "ஸ்டிக் ஆடுறத நான் பார்த்த அன்னைக்கு ஒரு ஓலைகூட அசையல. நீ பெல்ட்டும் கட்டித்தான் வெச்சிருந்தே."

அன்றைக்கு இருக்கையைப் பார்க்காமல், முகத்தைத் திருப்பிக்கொண்டேதான் அந்தப் பெல்ட்டைக் கட்டினேன்.